கேட்காமலே நட்சத்திரம் அணிந்தவர்கள்

வரலாற்றுத் தொடர்: பணிய மறுத்தவர்கள் – பகுதி 7

இதுவரை: 1940 செப்டெம்பரில் ஜெர்மன் இராணுவ நிர்வாகம், தான் பிடித்துவைத்திருந்த பிரெஞ்சு வலயத்தில் இருந்த யூதர்கள் எல்லோரும் பெயர் பதிய வேண்டும் என்று உத்தரவிட்டது. சட்டத்துக்குக் கட்டுப்பட்டுப் பழகிய மக்கள். பெரும்பாலானோர் தாமாகவே போய்ப் பதிந்தார்கள். பரிஸ் பொலிஸ் தலைமையகத்தில் அந்திரே துலார் என்ற அதிகாரி அவர்களைப் பெயர்வாரியாக, தெருவாரியாக, தொழில்வாரியாக, நாட்டுவாரியாக அட்டைகளில் அடுக்கினார். 1941 ஓகஸ்ட்டில் பரிஸின் 11ஆம் வட்டாரத்தைச் சுற்றிவளைத்து 4,000க்கு மேற்பட்ட ஆண்களைப் பிடித்தார்கள். அவர்களை அடைக்க, பரிஸின் புறநகரான திரான்சியில் கட்டி முடியாமல் நின்ற ‘சித்தே த லா முயெத்’ தொடர்மாடிக் குடியிருப்பு முகாமாக்கப்பட்டது. 1942 மார்ச் 27 அன்று முதல் ரயில் அவுஷ்விட்ஸுக்குப் புறப்பட்டது.

* * *

ஒரு துண்டு மஞ்சள் துணி

1942 மே 29 என்று திகதியிட்ட கட்டளை ஒன்று ஜூன் முதலாம் திகதி பரிஸில் வெளியானது. யூதர்கள் தொடர்பாக ஜெர்மன் இராணுவ நிர்வாகம் பிறப்பித்த எட்டாவது கட்டளை அது. ஆறு வயதைத் தாண்டிய எந்த யூதரும் இனி மஞ்சள் நட்சத்திரம் இல்லாமல் வெளியில் நடமாடக் கூடாது. ஜூன் 7, ஞாயிற்றுக்கிழமை முதல் அமல்.

நட்சத்திரம் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் அந்தக் கட்டளையே சொன்னது. ஆறு முனை. உள்ளங்கை அளவு. மஞ்சள் துணி, கறுப்பு விளிம்பு, நடுவில் கறுப்பு எழுத்தில் ‘யூதர்’ என்ற சொல். இடது மார்புப் பக்கம், மேலாடையின் மீது, எல்லோர் கண்ணிலும் படும்படி உறுதியாகத் தைத்திருக்க வேண்டும்.

ஆளுக்கு மூன்று நட்சத்திரம். வாங்கப் போக வேண்டிய இடம் பிரெஞ்சுப் பொலிஸ் நிலையம். போர்க்காலம் என்பதால் துணிக்கும் பங்கீட்டு அட்டை இருந்தது. அந்த அட்டையில் ஒரு புள்ளியைக் கழித்துக்கொண்டுதான் மூன்றையும் கொடுத்தார்கள். தன்னை அவமதிக்கும் துணிக்குத் தன் பங்கிலிருந்தே விலை கொடுக்க வேண்டியிருந்தது.

விஷியில் இருந்த மார்ஷல் பெத்தானின் அரசு, தன் நேரடி ஆட்சியில் இருந்த தென்பகுதியில் நட்சத்திரத்தைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் ஜெர்மானியர் பிடித்திருந்த வடக்கில், நட்சத்திரத்தை எண்ணிக் கொடுத்ததும் அணியாதவரைப் பிடித்ததும் அதே அரசின் பொலிஸ்தான்.

இந்தக் கட்டளையோடு வேட்டையின் தன்மையே மாறியது. அதுவரை யூதர் என்ற அடையாளம் துலாரின் அட்டைப்பெட்டிகளுக்குள் இருந்தது. அது எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்பதை அதிகாரிக்கு மட்டும் சொன்னது. நட்சத்திரம் அதையே தெருவில் போகும் ஒவ்வொருவருக்கும் சொன்னது. பாண் கடையில் வரிசையில் நிற்பவருக்கும், வகுப்பில் பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கும், மெட்ரோவில் டிக்கெட் பார்ப்பவருக்கும் சொன்னது.

அடுத்தடுத்த தடைகளும் அதன்மேலேயே எழுந்தன. மெட்ரோவில் கடைசிப் பெட்டி மட்டும். பிறகு பூங்கா, சினிமா, உணவகம், நூலகம் எதற்குள்ளும் போகக் கூடாது. கடைக்குப் போக பிற்பகலில் ஒரே ஒரு மணி நேரம். ஒரு மனிதரைப் பார்த்ததுமே அவர் யாரென்று தெரிய வேண்டும். அப்போதுதான் இந்தத் தடைகள் ஒவ்வொன்றும் வேலை செய்யும்.

* * *

ஞாயிறு, ஜூன் 7

எலென் பேர் சோர்போன் பல்கலைக்கழக மாணவி. வயது 21. அந்த நாட்களில் அவர் எழுதிவந்த நாட்குறிப்பு 2008இல் நூலாக வெளிவந்தது. நட்சத்திரத்தை அணிவதா, மறுப்பதா என்று அவர் தனக்குள் நடத்திய விவாதம் அதில் இருக்கிறது. முதலில் அணியக் கூடாது என்றே நினைத்தார். பிறகு, மற்ற யூதர்கள் அணிந்து அவமானப்படும்போது தான் மட்டும் ஒதுங்கி நிற்பது சரியல்ல என்று முடிவெடுத்தார். அணிந்துகொண்டு, தலை நிமிர்ந்து, எதிரே வருபவர்களின் கண்ணை நேராகப் பார்த்தபடி நடந்தார்.

மறுத்தால் சிறை. அணிந்தால் அவமானம். சட்டம் யாரைக் குறிவைத்ததோ அவருக்கு அது விட்டுவைத்த வழிகள் இவ்வளவுதான்.

குறிவைக்கப்படாதவர்களுக்கு வேறு வழி இருந்தது. எதுவும் செய்யாமல் இருக்கலாம். பரிஸில் மிகப் பெரும்பாலானோர் அதைத்தான் செய்தார்கள்.

எல்லோரும் அல்ல. நட்சத்திரம் அணிந்தவரைக் கண்டதும் சில ஆண்கள் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார்கள். மெட்ரோவில் சிலர் எழுந்து இடம் கொடுத்தார்கள். அறிமுகமே இல்லாதவர்கள் நின்று கைகொடுத்தார்கள். அந்த நாட்களைப் பற்றிய நினைவுக்குறிப்புகளில் இந்தச் சிறு காட்சிகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

இன்னும் சிலர் அதற்கு மேலும் ஓரடி வைத்தார்கள்.

பிரான்சுவாஸ் சியெஃப்ரித் 19 வயது மாணவி. கிறிஸ்தவர். அவர் நட்சத்திரம் அணிய வேண்டிய அவசியமே இல்லை. அவரோ ஒரு மஞ்சள் நட்சத்திரத்தைத் தானே செய்து, ‘யூதர்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘பப்பூ’ என்று எழுதிக்கொண்டார். பசிபிக் பெருங்கடலில், உலகத்தின் மறுகோடியில் வாழும் பாப்புவா மக்களின் பெயர் அது. அதை மார்பில் அணிந்துகொண்டு மாணவர்கள் நிறைந்த லத்தீன் குவார்ட்டர் பகுதியில் நடந்தார். அந்த ஞாயிறே பொலிஸ் அவரைப் பிடித்தது.

அவர் தனி ஆள் அல்ல. ஒருவர் தன் நட்சத்திரத்தில் ‘சுவிங்’ என்று எழுதியிருந்தார். நாஜிகள் வெறுத்த அமெரிக்க ஜாஸ் இசையின் பெயர். இன்னொருவர் ‘கோய்’ என்று எழுதியிருந்தார். யூதர் அல்லாதவரை யூதர்கள் அழைக்கும் சொல். வேறொருவர் ஓவெர்ன் மாகாணத்தின் பெயரை எழுதியிருந்தார். ஒரு பெண் தன் நாயின் கழுத்தில் நட்சத்திரத்தைக் கட்டிக்கொண்டு நடந்தார். மற்றொரு பெண் இடுப்புப் பட்டியில் எட்டு நட்சத்திரங்களை வரிசையாகக் கோத்து, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தாக, ‘வெற்றி’ என்ற பிரெஞ்சுச் சொல்லை மார்பு நிமிர்த்திச் சுமந்தார்.

இவர்களுக்குத் தலைவர் இல்லை. கட்சி இல்லை. ஒருவரை ஒருவர் பெரும்பாலும் அறியார். மாணவர்களும் சாதாரண வேலை பார்த்தவர்களும்தான். நகரத்தின் வெவ்வேறு மூலைகளில், அவரவர் மனச்சாட்சி சொன்னபடி, ஒரே காரியத்தைச் செய்தார்கள்.

* * *

இருபது பேருக்கு எதற்கு இத்தனை கெடுபிடி?

பரிஸில் கெஸ்டாப்போவின் யூதர் விவகாரப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் தியடோர் டானெக்கர். வயது 29. போலி நட்சத்திரம் அணிபவர்களை எச்சரித்து அனுப்பிவிட அவர் விரும்பவில்லை. முகாமில் அடைக்கச் சொன்னார்.

நீதிமன்றம் இல்லை, விசாரணை இல்லை. பெண்கள் பரிஸின் 20ஆம் வட்டாரத்தில் பூல்வார் மோர்த்தியேயில் இருந்த தூரெல் படைமுகாமுக்கு. ஆண்கள் திரான்சிக்கு. முகாமுக்குள் அவர்கள் உண்மையான மஞ்சள் நட்சத்திரத்தை அணிய வேண்டும். கூடவே ‘யூதர்களின் நண்பர்’ என்று எழுதிய துணிப்பட்டியையும் அணிய வேண்டும். அவமானப்படுத்துவதற்காக இட்ட பட்டி அது. பிறகு வரலாறு அவர்களை அழைத்ததும் அந்தப் பெயரால்தான். அவர்களில் ஒருவரான அலிஸ் கூரூப்ல், போர் முடிந்து 1946இல் தன் சிறை அனுபவத்தை நூலாக எழுதியபோது அதற்கு ‘யூதர்களின் தோழி’ என்றே தலைப்பிட்டார்.

பரிஸில் இப்படிப் பிடிபட்டவர்கள் ஏறக்குறைய இருபது பேர். பல லட்சம் மக்கள் வாழும் நகரத்தில் இருபது பேர். ஆயுதம் இல்லை, துண்டுப்பிரசுரம் இல்லை. ஐரோப்பாவின் பெரும்பகுதியைப் பிடித்துவைத்திருந்த வல்லரசு எதற்காக இவர்களை முட்கம்பிக்குள் தள்ள வேண்டும்?

நட்சத்திரத்தின் நோக்கம் தெருவில் போகும் மக்களை இரண்டாகப் பிரிப்பது. பிரிவு நிலைக்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் அவரவர் இடத்தில் நிற்க வேண்டும். யூதர் அணிய வேண்டும். மற்றவர் அணியாமல் இருக்க வேண்டும். முதற் பாதியை மிரட்டலால் நிறைவேற்றிக்கொள்ளலாம். இரண்டாம் பாதி மற்றவர்களின் மௌனத்தை நம்பி இருந்தது. அடையாளத்தை யாரும் அணியலாம் என்று ஆகிவிட்டால், அடுத்த நாள் நூறு பேரும் அதற்கடுத்த நாள் ஆயிரம் பேரும் அணிந்துவிட்டால், யாரைக் கடைசிப் பெட்டியில் ஏற்றுவது?

இது டானெக்கருக்குத் தெரியும். நூறாகும் முன் இருபதோடு நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு.

இந்த இருபது பேரின் செயல் ஏன் சட்டமறுப்பு? அவர்கள் இரவில் சுவரொட்டி ஒட்டவில்லை. பட்டப்பகலில், சொந்த முகத்தோடு, சட்டம் தடுத்ததைச் செய்தார்கள். பொலிஸ் வந்தபோது கையை ஓங்கவில்லை. தண்டனையை ஏற்றார்கள். யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் 1961 பெப்ரவரி 20 முதல் சத்தியாக்கிரகம் செய்து நிலத்தில் அமர்ந்த தமிழர்களிடம் இருந்த குணம் இவர்களிடமும் இருந்தது. ஒன்றே ஒன்றுதான் வேறு: சட்டம் இவர்களைக் குறிவைக்கவில்லை. அந்த வேறுபாட்டில்தான் இந்த வாரத்தின் கதை அடங்கியிருக்கிறது.

* * *

காந்தியின் யோசனையும் பூபரின் பதிலும்

பரிஸில் இது நடந்த அதே கோடையில், 1942 ஓகஸ்ட் 8 அன்று, பம்பாய் கோவாலியா குளம் மைதானத்தில் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் விடியுமுன் காந்தி கைதானார். இந்தியா முழுவதும் சிறைகள் நிரம்பின.

காந்திக்கும் ஐரோப்பிய யூதர்களுக்கும் இடையே அதற்கு முன்பே ஒரு வாதம் நடந்திருந்தது. 1938 நவம்பரில் ‘ஹரிஜன்’ இதழில் எழுதிய கட்டுரையில், ஜெர்மனியின் யூதர்கள் சத்தியாக்கிரகத்தைக் கைக்கொள்ள வேண்டும் என்று அவர் சொன்னார். 1939 பெப்ரவரியில் ஜெருசலேமிலிருந்து யூத தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபர் மரியாதையோடும் வேதனையோடும் ஒரு நீண்ட கடிதத்தில் பதில் எழுதினார். தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் பட்டதும் ஜெர்மனியில் யூதர்கள் படுவதும் ஒன்றல்ல என்பது அவர் வாதத்தின் சாரம். சத்தியாக்கிரகியின் துன்பம் பிறர் கண்ணில் பட வேண்டும். யாருக்கும் தெரியாமல் ஒருவரை அழித்துவிடக்கூடிய ஆட்சியின் கீழ் அது எப்படிச் சாட்சியாகும் என்று அவர் கேட்டார்.

எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த வாதம் முடியவில்லை. காந்தி சொன்னது சரியா, பூபர் சொன்னது சரியா என்று இன்றும் பேசுகிறார்கள்.

தூரெல் முகாமிலும் திரான்சியிலும் ‘யூதர்களின் நண்பர்’ என்ற பட்டியோடு இருந்த அந்த இருபது பேர், கேள்வியையே வேறு பக்கம் திருப்புகிறார்கள். ஓர் ஆட்சி யாரை அழிக்கத் துடிக்கிறதோ அவரிடம் போய், நீ ஏன் சட்டத்தை மறுக்கவில்லை என்று கேட்பது கொடுமை. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியது சட்டம் தொடாத மனிதரிடம். அநீதியான சட்டத்தை மறுக்கும் கடமை முதலில் அவருடையது. அவர் மறுத்தால் இழப்பது வேலை, சில மாதச் சிறை. பாதிக்கப்பட்டவர் மறுத்தால் இழப்பது உயிர்.

எங்கள் வரலாற்றை இந்த இடத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 1956 ஜூன் 5 அன்று தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகக் காலிமுகத்திடலில் தந்தை செல்வாவோடு அமர்ந்தவர்கள், அந்தச் சட்டம் குறிவைத்த தமிழர்கள். அடிவாங்கியதும் அவர்களே. அமிர்தலிங்கம் தலையில் காயத்தோடு நாடாளுமன்றத்துக்குள் போனார். அன்று அந்தத் திடலில், சட்டம் தொடாத பெரும்பான்மை மக்களில் சில நூறு பேர் வந்து அவர்களுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தால், பிறகு நடந்தவை எப்படி நடந்திருக்கும்?

* * *

ஜூலை 16: பட்டியலும் கைகளும்

நட்சத்திரம் வந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. ஜூலை 16, வியாழன், அதிகாலை. ஏறக்குறைய 4,500 பிரெஞ்சுப் பொலிஸ்காரர்கள் கையில் அட்டைகளோடு பரிஸின் வீட்டுக் கதவுகளைத் தட்டினார்கள். துலாரின் பெட்டிகளிலிருந்து எடுத்த அட்டைகள். வெளிநாட்டு யூதர்கள், நாடற்ற யூதர்கள் என்று 27,000க்கு மேற்பட்ட பெயர்கள்.

இரண்டு நாளில் பிடிபட்டவர்கள் சுமார் 13,000 பேர். அவர்களில் 4,000க்கு மேற்பட்டவர்கள் பிள்ளைகள். தனி ஆட்களும் பிள்ளையில்லாத தம்பதிகளும் நேரே திரான்சிக்கு. குடும்பங்கள் வெல்திவ் என்ற சைக்கிள் பந்தய அரங்குக்கு.

பட்டியலின் கொடுமை தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிவந்தன. சாதாரண அரச காரியத்துக்காக எழுதப்பட்ட பெயர் ஒரே இரவில் கொலைப்பட்டியலாக மாறும். அதே கொழும்பில், தங்கள் வீட்டுக்குள் தமிழர்களை ஒளித்துவைத்து, வாசலில் நின்று கும்பலைத் திருப்பி அனுப்பிய சிங்கள அயலவர்களும் இருந்தார்கள். அவர்களால் உயிர் தப்பிய குடும்பங்கள் இன்று பரிஸின் லாச்சப்பலிலும் திரான்சியிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கின்றன.

பரிஸில் அன்று எழுதப்பட்டிருந்த பெயர்களில் பாதிக்கும் குறைவானவர்களே பிடிபட்டார்கள். யூத இயக்கங்கள் முன்கூட்டியே துண்டுப்பிரசுரம் விட்டிருந்தன. சில பொலிஸ்காரர்கள் முதல் நாளே வந்து காதோடு சொல்லிவிட்டுப் போனார்கள். வாயிற்காப்போர் சிலர் கதவைத் திறக்கவில்லை. அயலவர் சிலர் பிள்ளைகளை மட்டும் வாங்கித் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டார்கள்.

அதே வாரம், ஜூலை 18 அன்று, கிழக்கே நான்சி நகரத்தில் இதைவிடப் பெரிய காரியம் நடந்தது. அங்கே பொலிஸின் வெளிநாட்டவர் பிரிவுக்குத் தலைவர் எதுவார் வின்யெரோன். அவரும் அவருடைய உதவியாளர் பியேர் மரியும் சில சக பொலிஸ்காரர்களும், பட்டியலில் இருந்தவர்களை வீடு வீடாகப் போய் எச்சரித்தார்கள். சிலருக்கு அடையாள அட்டை செய்து கொடுத்து ரயிலேற்றினார்கள். பட்டியலில் 385 பேர். மறுநாள் பிடிக்க முடிந்தது முப்பது சொச்சம் பேரை மட்டும்.

பெல்ஜியத்தில் மறுப்பு எழுத்திலேயே வந்தது. ஜூன் 5 அன்று பிரசெல்ஸ் மாநகரின் பதில் மேயர் ஜூல் கூல்ஸ்ட், நகரின் மேயர்கள் சார்பில், மஞ்சள் நட்சத்திரத்தை விநியோகிக்க மாட்டோம் என்று ஜெர்மானியருக்குக் கடிதம் கொடுத்தார். மனித மாண்பைத் தாக்கும் கட்டளைக்குத் தங்கள் அலுவலகம் துணைபோகாது என்பது அதன் பொருள். ஜெர்மானியர் தாங்களே மேசை போட்டு விநியோகிக்க வேண்டியதாயிற்று. அதே நாட்டின் ஆன்ட்வெர்ப் நகர நிர்வாகம் ஒத்துழைத்தது. போர் முடிந்தபோது, ஆன்ட்வெர்ப்பிலிருந்து நாடுகடத்தப்பட்ட யூதர்களின் விகிதம் பிரசெல்ஸைவிட மிக அதிகமாக இருந்தது. அதற்குக் காரணங்கள் பல. மறுத்த நிர்வாகமும் பணிந்த நிர்வாகமும் அவற்றில் அடங்கும்.

பரிஸ், நான்சி, பிரசெல்ஸ். மூன்று இடத்திலும் கட்டளை ஒரே ஆட்சியிடமிருந்துதான் இறங்கியது. யாருடைய கை அதை நிறைவேற்றியது, யாருடைய கை நிறைவேற்ற மறுத்தது என்பதில்தான் உயிர்கள் தங்கின. பெர்லினில் இருந்தவர்களிடம் பரிஸின் ஒவ்வொரு கதவையும் தட்ட ஆட்கள் இல்லை. தட்டிய கைகள் உள்ளூர்க் கைகள்.

* * *

ஓகஸ்ட்: திரான்சிக்குப் பிள்ளைகள் வந்தார்கள்

வெல்திவ் அரங்கில் அடைக்கப்பட்ட குடும்பங்களைப் பரிஸுக்குத் தெற்கே பித்திவியே, போன்-லா-ரோலாந்த் முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே முதலில் பெற்றோரைப் பிரித்து ரயிலேற்றினார்கள். பிள்ளைகளைப் பற்றி பெர்லினிலிருந்து முடிவு வர வேண்டியிருந்தது. பிள்ளைகளையும் சேர்த்து அனுப்பலாம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தவர், பெத்தானின் கீழ் விஷி அரசாங்கத்தை நடத்திய பியேர் லவால்.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் அந்தப் பிள்ளைகள் திரான்சிக்கு வந்து சேர்ந்தார்கள். தாய் தகப்பன் இல்லாமல். பெரும்பாலும் இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரை.

அதே நாட்களில் தூரெலில் இருந்த ‘யூதர்களின் நண்பர்’ பெண்களும் திரான்சிக்கு மாற்றப்பட்டிருந்தார்கள். நட்சத்திரத்தைக் கையில் எடுத்ததற்காகச் சிறைப்பட்டவர்கள், இப்போது நட்சத்திரம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைக் கண்ணால் கண்டார்கள். சியெஃப்ரித் சிறையில் எழுதிய நாட்குறிப்பு 2010இல் வெளிவந்தது.

சித்தே த லா முயெத் நான்கு மாடி, ‘ப’ வடிவக் கட்டடம். நடுவில் நீண்ட முற்றம். கதவு, தரை, பூச்சு எதுவும் முடியாத கொங்கிரீட் அறைகள். வெளியே பிரெஞ்சு ஜொந்தார்ம் (துணை இராணுவப் பொலிஸ்) காவல். அந்த அறைகள் ஒவ்வொன்றிலும் நூறு பிள்ளைகளுக்கு மேல் தள்ளினார்கள். தரையில் அழுக்கேறிய மெத்தைகள். தண்ணீரான முட்டைக்கோஸ் சூப். வயிற்றோட்டம். மாற்றுத் துணி இல்லை. கைதிகளாக இருந்த சில பெண்கள் நாளெல்லாம் கழுவியும் துவைத்தும் தீரவில்லை.

பிள்ளைகளின் கழுத்தில் பெயர் எழுதிய சிறு அட்டைகள் இருந்தன. வரும் வழியில் சிலது மழையில் அழிந்தது, சிலது தொலைந்தது. விளையாட்டாகத் தங்களுக்குள் மாற்றிக்கொண்ட பிள்ளைகளும் உண்டு. மிகச் சின்னப் பிள்ளைகளுக்குத் தங்கள் குடும்பப் பெயர் சொல்லத் தெரியவில்லை. அந்த முகாமில் கைதியாக இருந்த அறிவியலாளர் ஜோர்ஜ் வெலர்ஸ், 1961இல் ஜெருசலேமில் நாஜி அதிகாரி ஐக்மனின் வழக்கில் இதைச் சாட்சியமாகச் சொன்னார். பெயர் தெரியாத பிள்ளைகளுக்கு நாடுகடத்தல் பட்டியலில் கேள்விக்குறி போட்டார்கள்.

முகாமிலிருந்து ரயில் நிலையம் வரை பரிஸ் நகரப் பேருந்துகள். நிலையத்தின் அன்றைய பெயர் லு பூர்ஜே–திரான்சி. கார் து நோரில் ஆர்.ஈ.ஆர். ‘பி’ ரயில் ஏறி, லாச்சப்பலில் வாங்கிய காய்கறிப் பையோடு வீடு திரும்பும் நம்மவர்கள் தினமும் கடந்துபோகும் லு பூர்ஜே நிலையம் அதுதான். அந்தக் கோடையில் வாரத்துக்கு மூன்று ரயில் என்ற கணக்கில், ரயிலுக்கு ஏறக்குறைய ஆயிரம் பேர், அங்கிருந்து அவுஷ்விட்ஸுக்குப் போனார்கள். போர் முடியும் முன் திரான்சி வழியாக அனுப்பப்பட்டவர்கள் சுமார் 63,000 பேர்.

முகாமாக இருந்த அதே கட்டடத்தில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். எதிரே 2012இல் திறந்த நினைவகம் இருக்கிறது. திரான்சியில் வாழும் ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளையையும் ஒரு தடவையாவது அங்கே அழைத்துப்போக வேண்டும்.

* * *

ஓகஸ்ட் 31

அந்த மாதத்தின் கடைசி நாள் ‘யூதர்களின் நண்பர்கள்’ விடுவிக்கப்பட்டார்கள். மூன்று மாதத்துக்குச் சற்றுக் குறைந்த சிறை.

அவர்களோடு தூரெலில் இருந்தவர்களில் ஒருத்தி தோரா புரூதே. பரிஸில் பிறந்த 16 வயது யூதச் சிறுமி. பிறகு பத்ரிக் மொதியானோ அவளுடைய தடங்களைத் தேடி 1997இல் எழுதிய நூலால் உலகம் அவளை அறிந்தது. அவளும் அந்த ஓகஸ்ட்டில் தூரெலிலிருந்து திரான்சிக்கு மாற்றப்பட்டாள். செப்டெம்பர் 18 அன்று தகப்பனோடு சேர்த்து அவளை அவுஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். எலென் பேர் 1944 மார்ச் 27 அன்று, தன் 23ஆவது பிறந்தநாளில், திரான்சியிலிருந்து கொண்டுபோகப்பட்டார். அவர் திரும்பவில்லை.

ஒரே நட்சத்திரம். தானாக அணிந்தவர் வீடு திரும்பினார். அணியச் சொல்லப்பட்டவர் திரும்பவில்லை. பாதுகாப்பு உள்ளவர் மறுப்பதன் விலைக்கும் இல்லாதவர் மறுப்பதன் விலைக்கும் உள்ள தூரம் இது. மறுக்கும் கடமை முதலில் யாருடையது என்று மேலே சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இருபது பேரால் ஒரு ரயிலைக்கூட நிறுத்த முடியவில்லை. அதை மறைக்கக் கூடாது. ஆனால் அவர்கள் செய்ததை 20,000 பேர் செய்திருந்தால் டானெக்கரிடம் அத்தனை பேரை அடைக்க முகாம் இருந்திருக்காது. நான்சியின் ஏழெட்டுப் பொலிஸ்காரர்கள் செய்ததைப் பரிஸின் 4,500 பேரும் செய்திருந்தால், ஜூலை 16 காலையில் கதவைத் தட்ட ஆள் இருந்திருக்காது. அவர்கள் தனியாக விடப்பட்டார்கள் என்பதுதான் அந்தக் கோடையின் துயரம்.

அப்படித்தான் ஓகஸ்ட் மூன்றாவது வாரம் வரை தோன்றியது.

* * *

ஒரு கடிதம் புறப்படுகிறது

தெற்கே தூலூஸ். ஜெர்மன் படை இன்னும் நுழையாத, விஷி அரசு நேரடியாக ஆண்ட பகுதி. நகரத்துக்கு அருகே நோயே, ரெசெபெது என்ற இரண்டு முகாம்களில் வெளிநாட்டு யூதர்கள் அடைக்கப்பட்டிருந்தார்கள். ஓகஸ்ட்டில் விஷி அரசு அவர்களைத் தானாகவே ரயிலேற்றி வடக்கே அனுப்பத் தொடங்கியது. அந்த ரயில்களும் வந்து சேர்ந்த இடம் திரான்சி.

தூலூஸ் பேராயர் ஜூல்-ஜெரோ சலியேஜுக்கு வயது 72. பல ஆண்டுகளுக்கு முன் வந்த பக்கவாதத்தால் உடல் பாதி செயலிழந்திருந்தது. பேச்சு தெளிவாக வராது. மேடையேறிப் பேச முடியாத அந்த முதியவர் ஒரு பக்கத்துக்கும் குறைவான கடிதம் ஒன்றை எழுதினார். யூத ஆண்களும் பெண்களும் மனிதர்கள், அவர்களுக்கு எதை வேண்டுமானாலும் செய்துவிட முடியாது என்பது அதன் சாரம். நோயே, ரெசெபெது என்ற இரண்டு முகாம்களின் பெயரையும் வெளிப்படையாகவே எழுதியிருந்தார். ஓகஸ்ட் 23, ஞாயிற்றுக்கிழமை, தன் மறைமாவட்டத்தின் எல்லாத் தேவாலயங்களிலும் இதை உரையோ விளக்கமோ இல்லாமல் அப்படியே வாசிக்க வேண்டும் என்று பணித்தார்.

கடிதம் பங்குத்தந்தையர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. செய்தி அரசாங்க அதிபர் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. வாசிக்க விடக் கூடாது என்று அவர் ஊர் மேயர்களுக்கு உத்தரவு அனுப்பினார்.

ஞாயிறு காலை. ஊர் ஊராகப் பூசை தொடங்கப் போகிறது. பங்குத்தந்தை ஒவ்வொருவர் கையிலும் பேராயரின் கடிதம் இருக்கிறது. அரசின் தடையும் வந்துவிட்டது. விஷிக்கு எதிராக இதுவரை வெளிப்படையாக ஒரு சொல் சொல்லிப் பழகாத திருச்சபை. மார்ஷல் பெத்தானைப் போற்றிப் பழகிய மக்கள்.

எத்தனை பேர் வாசிப்பார்கள்? வாசித்தால், இருபது பேரின் நட்சத்திரங்களால் அசையாத ஓர் அரசு, ஒரு பக்கக் கடிதத்தால் அசையுமா?

(அடுத்த வாரம் தொடரும்)